திருப்பிப் போட்ட ஸ்வெட்டர்

மொதல்லயே சொல்லிடறேன், நான் ஒண்ணும் கல்நெஞ்சக்காரி இல்ல. இங்கிலாந்துல, ஸ்கிப்டன்ல இருக்கற இந்த நாய்-பூனை ஆஸ்பத்திரியில நான்தான் தலைமை நர்ஸ். நொரீன்னு கேட்டா ஊர்ல நாய் வளக்கற அத்தனை பேருக்கும் தெரியும். இந்த மேஜைக்கு முன்னால நின்னு அழுதவங்களுக்கு எத்தனை டிஷ்யூ எடுத்து நீட்டியிருப்பேன்னு எனக்கே கணக்கு தெரியாது. அப்படிப்பட்டவ, வருஷத்துக்கு ஒரே ஒரு நாள், எல்லாரும் கோமாளி ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு வாங்கன்னு சொன்னா அது ஒரு குத்தமா?

கிறிஸ்மஸுக்காக டிசம்பர்ல நாடு பூரா நடக்கறதுதான். பள்ளிக்கூடத்துல, பேங்குல, போலீஸ் ஸ்டேஷன்ல கூட அன்னைக்கு மானும் பனிமனுஷனும் நெஞ்சில ஒட்டிக்கிட்டுத்தான் திரியறாங்க. எங்க ஆஸ்பத்திரியில அதுக்கு நான் ஒரு சட்டம் வெச்சிருக்கேன். ஸ்வெட்டர் போடாதவங்க அன்னைக்கு முழுக்க எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுக்கணும். இத்தனை வருஷத்துல ஒருத்தரும் டீ போட்டதில்ல. அவ்வளவு மரியாதை என் சட்டத்துக்கு.

இந்த வருஷம் அலிஸ்டர் வந்து சேந்தான். ஸ்காட்லாந்துக்காரன், படிப்பை முடிச்சு ரெண்டு மூணு வருஷம்தான் ஆகுது. நல்ல டாக்டர், கை சுத்தம், ஆனா வாயைத் தொறக்கணும்னா காசு கேப்பான். ஸ்வெட்டர் நாள் பத்தி நான் சொன்னதும், "சரி நொரீன், நான் டீ போட்டுடறேன்"னு சிரிச்ச முகமா சொல்லிட்டுப் போயிட்டான். எனக்கு வந்த கோவத்தைப் பாக்கணும். தண்டனைன்னு ஒண்ணை வெச்சா அதை ஒருத்தன் சந்தோஷமா வாங்கிக்கிட்டுப் போறதா?

விடுவேனா. பகல் சாப்பாட்டு நேரத்துல அவன் எதிர்ல போய் உக்காந்தேன். "என்ன டாக்டரே, எங்களோட சேர்ந்து சிரிச்சா கௌரவம் கொறஞ்சிடுமா?"ன்னு கேட்டேன். அவன் சாண்ட்விச்சைக் கீழ வெச்சான். நிதானமாத்தான் பேசினான்.

"அப்படி இல்ல நொரீன். சீக்கான பிராணியைத் தூக்கிட்டு வர்றவங்க மொதல்ல என் மூஞ்சியைப் பாப்பாங்க. அப்புறம் குனிஞ்சு என் நெஞ்சைத்தான் பாத்துக்கிட்டு நிப்பாங்க. அங்க ஒரு வேடிக்கை இருக்கக் கூடாது."

நியாயமான பேச்சுதான். இப்ப சொல்றேன் நியாயம்னு. அப்ப எனக்கு அது பெரிய மனுஷத்தனமா பட்டுச்சு. இருபத்தஞ்சு வருஷமா இங்க நிக்கற எனக்கு, வர்றவங்க எங்க பாப்பாங்கன்னு இவன் சொல்லித் தர்றானான்னு தோணுச்சு. வரவேற்புல உக்கார்ற கெல்சிகிட்டப் போய் "பாதிரியார் தோத்துட்டாரு நம்ம டாக்டர்கிட்ட"ன்னு சொன்னேன். அன்னையிலேர்ந்து அவனுக்குப் பாதிரியார்னே பேரு. அவன் காதுல விழறமாதிரிதான் கூப்பிடுவோம். அவன் அதுக்கும் சிரிச்சுட்டுப் போவான்.

நான் என்ன பண்ணேன்னா, கடைக்குப் போய் அவன் அளவுக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கினேன். பச்சைக் கலரு, நடுவுல செவப்பு மூக்கோட ஒரு முட்டைக்கண்ணு மான். உள்பக்கம் சின்னதா ஒரு பாட்டுப் பெட்டி தெச்சிருந்தாங்க. நெஞ்சில அமுக்கினா கிணிகிணின்னு மணிச்சத்தத்தோட பாட ஆரம்பிச்சிடும், முழுசாப் பாடி முடிச்சுட்டுத்தான் நிக்கும். அதை அவன்கிட்ட சொல்லவேண்டாம்னு முடிவு பண்ணேன். சாயந்திரம் எல்லாரும் டீக்கு உக்காரும்போது சட்டுன்னு அவன் நெஞ்சில ஒரு தட்டு தட்டி, அவன் அலறிப் பொடைச்சு எழுந்திரிக்கறதைப் பாத்துச் சிரிக்கலாம்னு வெச்சிருந்தேன்.

இன்னொண்ணும் பண்ணேன். இது யாருக்கும் தெரியாது. நாங்க வேலை நேரத்துல போடற பச்சைச் சட்டைகளை ஆஸ்பத்திரியிலேயேதான் துவைக்கறோம். ஸ்வெட்டர் நாள் அன்னைக்குக் காலையில எல்லாருக்கும் முன்னால வந்து, துவைச்சு மாட்டியிருந்த சட்டையையும் சேத்து அத்தனையையும் அள்ளி மெஷின்ல போட்டு, கொதிக்கற தண்ணியில ரொம்ப நேரம் ஓடற மாதிரி திருகி விட்டுட்டேன். ஸ்வெட்டரைப் போட்டுட்டு அரைமணி நேரத்துல கழட்டிட்டு வழக்கமான சட்டைக்கு மாறிடறவங்க உண்டு. அந்த வழியை அடைச்சுட்டேன், அவ்வளவுதான். அப்ப எனக்கு அது பெரிய கெட்டிக்காரத்தனம்.

அலிஸ்டர் மழையில சைக்கிள் மிதிச்சு வந்தான். எல்லாரும் கூடியிருக்கும்போது கலர்க் காகிதத்துல சுத்தின ஸ்வெட்டரை அவன் கையில கொடுத்தேன். "பாதிரியாருக்கு நம்ம எல்லாரோட அன்பளிப்பு"ன்னு சொன்னேன். கெல்சி கை தட்டினா. எல்லாரும் தட்டினாங்க. அத்தனை பேர் எதிர்ல ஒருத்தன் எப்படி வேண்டாம்னு சொல்லுவான்? எனக்கு அது தெரியும். தெரிஞ்சுதான் தனியாக் கொடுக்காம கூட்டத்துல கொடுத்தேன். "ரொம்ப நல்லா இருக்கு, நன்றி"ன்னு சொல்லித் தலைவழியா மாட்டிக்கிட்டான். பல் புடுங்க வந்தவன் மாதிரி இருந்துச்சு அவன் மூஞ்சி.

போன் அடிச்சது அதுக்கப்புறம்தான். கெல்சி பலூன் ஊதிட்டிருந்தா, அதனால நானே எடுத்தேன். வில்ஃப் சக்டன் பேசினாரு. பழைய பஸ் டிரைவர், சம்சாரம் போயி ரொம்ப நாளாச்சு, பெஸ்னு ஒரு கருப்பு-வெள்ளை நாயோட தனியா இருக்கறவரு. பெஸ்ஸுக்குக் கொஞ்ச நாளாவே பின்னங்கால் இழுத்துக்கிட்டிருந்துச்சு. இப்ப எழுந்திரிக்கவே முடியல, தண்ணி கூட எறங்கலன்னாரு. "இன்னைக்கு முடிச்சுடலாம்மா"ன்னாரு. நான் வழக்கமா சொல்ற வார்த்தையெல்லாம் சொன்னேன். போனை வெக்கறதுக்கு முன்னால ஒண்ணு சொன்னாரு.

"இதுக்கு முன்னால நெல்லுன்னு ஒரு நாய் இருந்தாளே, அவளை உங்ககிட்டக் கொடுத்துட்டு நான் பயந்துபோய் வெளிய கார்ல உக்காந்துட்டேன். அவ என்னைத் தேடினாளாம். இந்தத் தடவை பெஸ் கண்ணு மூடற வரைக்கும் என் மூஞ்சியைத்தாம்மா பாக்கணும். வேற எதுவும் எனக்கு வேண்டாம்."

"கண்டிப்பா மிஸ்டர் சக்டன்"னு சொல்லி, காலை வேலையெல்லாம் முடிஞ்சு கூட்டம் கலையற நேரமா பாத்து வரச் சொன்னேன். போனை வெச்சதும் நேரா போய் அலிஸ்டர்கிட்ட சொல்லியிருக்கணும். ஏன் சொல்லலன்னா, சொன்ன உடனே அவன் ஸ்வெட்டரைக் கழட்டிடுவான். போட்டோ இன்னும் எடுக்கல. வாசல் கண்ணாடியில ஒட்டறதுக்கு எல்லாரும் ஸ்வெட்டரோட நிக்கற போட்டோ வேணும் எனக்கு, அதுவும் பாதிரியார் நடுவுல. போட்டோ முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு விட்டேன். இதை எப்படிச் சுத்திச் சுத்திப் பாத்தாலும் நல்லதா மாத்திச் சொல்ல முடியல. முயற்சி பண்ணிப் பாத்துட்டேன்.

போட்டோ எடுத்தோம். நல்லா வந்துச்சு. அப்புறம்தான் சொன்னேன், மிஸ்டர் சக்டன் பெஸ்ஸைக் கூட்டிட்டு வர்றாரு, ஊசி போட்டு நிரந்தரமா தூங்க வெக்கணும்னு.

அவன் முகம் மாறிடுச்சு. "என் சட்டை எங்க?"ன்னு கேட்டான். துவைக்கற ரூமுக்குப் போனா மெஷின் இன்னும் ஓடிட்டிருக்கு, முடியாம கதவு தொறக்காது. அத்தனையையும் யாரு போட்டதுன்னு கேட்டான். ஒரு குட்டி நாய் எல்லாத்து மேலயும் அசிங்கம் பண்ணிடுச்சுன்னு கூசாம சொன்னேன். இங்க வந்து பச்சைச் சட்டைக்கு மாறிக்கறவன்ங்கறதால ஸ்வெட்டருக்கு உள்ள கையில்லாத பனியன்தான் போட்டிருந்தான். அவன் மழைக்கோட்டு பளபளன்னு மஞ்சள் கலர்ல சொட்டிக்கிட்டிருந்துச்சு. ஆபரேஷன் அங்கியைப் போட்டுக்கயேன்னேன். அதைப் பாத்தா நாய் மிரளும், அந்த மனுஷனும் மிரளுவாருன்னான். யார் சட்டையாவது கிடைக்குமான்னு பாத்தா, எல்லாரும் ஸ்வெட்டர்லதானே வந்திருக்காங்க.

கடைசியில என்ன பண்ணான், ஸ்வெட்டரைக் கழட்டி உள்பக்கத்தை வெளியே திருப்பி மாட்டிக்கிட்டான். மான் உள்ள போயிடுச்சு. நூல் முடிச்சும் பிசிறுமா தொங்குச்சு, ஆனா சும்மா ஒரு பச்சைத் துணியாத்தான் தெரிஞ்சுது. "இது பரவால்லயா?"ன்னு என்னைப் பாத்துக் கேட்டான். பரவால்லன்னேன். அவன் நெஞ்சுப் பக்கம் ஒரு சின்னத் துணிப்பைக்குள்ள தீப்பெட்டி அளவுல ஒண்ணு துருத்திக்கிட்டிருந்துச்சு. அது என் கண்ணுலயே படல. வாசல்ல மிஸ்டர் சக்டன் கார் வந்து நின்னுடுச்சு, நான் அங்க ஓடிட்டேன்.

பெஸ்ஸை ஒரு கம்பளியில சுத்தித் தூக்கிட்டு வந்தாரு. நல்ல கோட்டு போட்டு, டை கட்டியிருந்தாரு. மேஜை மேல படுக்க வெச்சோம். அவரு குனிஞ்சு, மூக்கோட மூக்கு படற தூரத்துல முகத்தை வெச்சுக்கிட்டாரு. பெஸ் அவரையே பாத்துக்கிட்டிருந்தா. நான் முன்னங்காலை அழுத்திப் பிடிச்சு ரத்தக்குழாயைப் புடைக்க வெச்சுக் கொடுத்தேன். அலிஸ்டர் அந்த இடத்து முடியை மழிச்சுட்டு, ஒவ்வொண்ணையும் மெதுவா சொல்லிச் சொல்லிச் செஞ்சான். அவ்வளவு அழகா நான் யாரும் செஞ்சு பாத்ததில்ல. ஊசி உள்ள போச்சு. மருந்தைத் தள்ளறதுக்காக இன்னும் கொஞ்சம் குனிஞ்சான், மேஜை விளிம்புல அவன் நெஞ்சு அழுந்துச்சு.

பாட்டு கிளம்பிடுச்சு.

அந்தச் சின்ன ரூம்ல மணியும் ஆட்டமும் பாட்டுமா என்ன சத்தம். அலிஸ்டருக்கு எங்கேர்ந்து வருதுன்னே தெரியல. கையை எடுக்க முடியாது, ஊசி ரத்தக்குழாய்ல இருக்கு, பாதி மருந்து போயிடுச்சு, நிறுத்தினா அதைவிடக் கொடுமை. கழுத்துலேர்ந்து காது வரைக்கும் செவந்துபோய், "மன்னிச்சுக்கோங்க, மன்னிச்சுக்கோங்க"ன்னு அதையே சொல்லிக்கிட்டு மருந்தைத் தள்ளினான். அவன் கண்ணுல தண்ணி நிக்குது. நான் ஒரு கையால அவன் நெஞ்சைத் தடவி அந்தப் பெட்டியை அமுக்கறேன், அது மறுபடியும் மொதல்லேர்ந்து பாடுது.

மிஸ்டர் சக்டன் நிமிந்து பாத்தாரு. அப்புறம் சிரிச்சாரு. நிஜமாவே சிரிச்சாரு. "விடு தம்பி, விடு. இவளுக்குப் பாட்டுன்னா உசுரு"ன்னு சொல்லி, கையை நீட்டி அலிஸ்டர் தோளைத் தட்டிக் கொடுத்தாரு. "நீ கவலைப்படாத, நல்லாத்தான் பண்ற"ன்னாரு. எனக்குப் போன உசுரு திரும்பி வந்துச்சு. பாட்டும் ஒருவழியா முடிஞ்சுது. அலிஸ்டர் ஸ்டெதஸ்கோப்பை வெச்சுக் கேட்டுட்டு, "போயிட்டா"ன்னான். "ஓ"ன்னாரு மிஸ்டர் சக்டன். அதுக்கப்புறம் குனிஞ்சு பெஸ்ஸோட காதைத் தடவிக் கொடுத்துட்டு, எங்க ரெண்டு பேருக்கும் நன்றி சொல்லிட்டு, கிறிஸ்மஸ் வாழ்த்தும் சொல்லிட்டுப் போனாரு.

அன்னைக்குச் சாயந்திரம் யாரும் டீக்கு உக்காரல. அலிஸ்டர் அந்த ஸ்வெட்டரை ஒழுங்கா மடிச்சு என் மேஜையில வெச்சுட்டு நின்னான். நல்லா நாலு வார்த்தை திட்டப் போறான்னு நெனச்சேன். திட்டியிருந்தா எவ்வளவோ நல்லா இருந்திருக்கும். "உங்க நாளை நான் கெடுத்துட்டேன் நொரீன். போடறதுக்கு முன்னால நான் தடவிப் பாத்திருக்கணும்"னான். அவன் என்கிட்ட மன்னிப்புக் கேக்கறான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அவரே சிரிச்சுட்டாரேப்பா, நீ ஏன் மனசைப் போட்டுக் குழப்பிக்கற"ன்னேன். குட்டி நாய் கதையைத் திருத்திச் சொல்ல அந்த ஒரு நிமிஷம் இருந்துச்சு. நான் வாயைத் தொறக்கல.

அதுக்கப்புறம் ஒரு வாரம் அந்தச் சிரிப்பை வெச்சுத்தான் காலத்தை ஓட்டினேன். ராத்திரி படுத்தா அந்தப் பாட்டு கேக்கும். உடனே அவரு சிரிச்சாரேன்னு எனக்கு நானே சொல்லிக்குவேன். பாதிக்கப்பட்டவரே சிரிச்ச பிறகு உனக்கென்னடி வந்துச்சுன்னு என்னையே அதட்டுவேன். கொஞ்சம் தூக்கம் வரும். வாசல் கண்ணாடியிலேர்ந்து அந்தப் போட்டோவை மட்டும் கழட்டிட்டேன். ஏன்னு கெல்சி கேட்டா, டேப் ஒட்டலன்னு சொன்னேன்.

பெஸ்ஸோட சாம்பல் ஒரு மரப்பெட்டியில வந்து சேந்துச்சு. வழக்கமா நாயோட சொந்தக்காரங்களே வந்து வாங்கிட்டுப் போவாங்க. நான் கொண்டுபோய்க் கொடுக்கறேன்னு எடுத்துக்கிட்டேன். ஒரு நல்ல பையில போட்டு, ரிப்பன் எல்லாம் கட்டி எடுத்துட்டுப் போனேன். நேர்ல ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுட்டா, அவரும் அதெல்லாம் ஒண்ணுமில்லம்மான்னு சொல்லிட்டா, இந்த விஷயம் தீந்துடும். எனக்குத் தேவைப்பட்டது அதுதான்.

கதவைத் தொறந்து, மழையில நிக்கறியேம்மா உள்ள வான்னு பிடிவாதமா கூப்பிட்டாரு. கோட்டைக் கழட்டறதுக்காகப் பையைக் கதவுகிட்ட, செருப்பு வெக்கற இடத்துல வெச்சேன். சமையலறையில உக்கார வெச்சு டீ போட்டாரு. ஒரு மூலையில தண்ணிக் கிண்ணம் இன்னும் இருந்துச்சு. நான் ஆரம்பிச்சேன். அன்னைக்கு நடந்ததுக்கு எப்படி மன்னிப்புக் கேக்கறதுன்னே தெரியல, நீங்க பெருந்தன்மையா சிரிச்சு எங்களைக் காப்பாத்தினீங்கன்னேன்.

அவரு டீயைக் கலக்கிட்டே இருந்தாரு.

"சிரிச்சேன்ல"ன்னாரு. "அந்தத் தம்பி மூஞ்சியைப் பாத்தேம்மா. செத்துடலாம்ங்கற மாதிரி நின்னான். சின்னப் பையன். அவனை அப்படியே விட முடியல. ஏதாவது சொல்லணுமேன்னு நிமிந்து ரெண்டு வார்த்தை சொன்னேன். திரும்பிப் பாக்கறதுக்குள்ள இவ போயிட்டா."

நான் டீக் கப்பைக் கீழ வெச்சேன்.

"கண்ணு தொறந்துதான் இருந்துச்சு. என் மூஞ்சி இருந்த எடத்தைப் பாத்துக்கிட்டிருந்தா. நான் அங்க இல்ல." கிண்ணம் இருந்த மூலையைப் பாத்து, "நெல்லுக்குக் கார்ல உக்காந்திருந்தேன். இவளுக்குப் பக்கத்துலயே நின்னும் இல்லாம போயிட்டேன்"னாரு. அப்புறம் என் கையைத் தொட்டு, "அந்தத் தம்பிகிட்ட இதைச் சொல்லிடாதம்மா. தாங்க மாட்டான்"னாரு.

ஒரு வாரமா நான் தலைக்கு வெச்சுப் படுத்த சிரிப்பு அதுதான். அலிஸ்டரைத் தேத்தறதுக்காக அந்த மனுஷன் செலவழிச்ச பெஸ்ஸோட கடைசி நிமிஷம். எதிராளி சங்கடப்படறதைப் பாத்தா இந்த நாட்டுக்காரனுக்குக் கை சும்மா இருக்காது, தன் வீடு எரிஞ்சாலும் மொதல்ல அவனைத்தான் சமாதானப்படுத்துவான். அன்னைக்கு அலிஸ்டர் ஸ்வெட்டரை மாட்டிக்கிட்டதும் அதனாலதான். நான் மட்டும்தான் அந்த ரூம்ல எனக்கு வேணும்ங்கறதை வாங்கிக்கிட்டவ.

அதுக்கு மேல அடக்க முடியல, எல்லாத்தையும் கொட்டிட்டேன். அவனுக்கு அதைப் போட விருப்பமே இல்ல, நான்தான் கூட்டத்துல வெச்சு மாட்டிவிட்டேன். மாத்துச் சட்டை இல்லாம பண்ணதும் நான்தான், அந்தப் பாட்டுப் பெட்டி இருக்கறது எனக்குத் தெரியும். நீங்க போன்ல சொன்னதைக் கேட்ட பிறகும், போட்டோவுக்காக அவன்கிட்ட சொல்லாம வெச்சிருந்தேன். சொல்லச் சொல்ல அழுகை வந்துடுச்சு. சின்னக் குழந்தை மாதிரி தேம்பித் தேம்பி அழுதேன்.

மிஸ்டர் சக்டன் என்னையே பாத்துக்கிட்டிருந்தாரு. ஒரு நிமிஷம் அவர் முகத்துல ஏதோ வந்துச்சு, கோவம்தான் அது, வரட்டும்னு நான் காத்துக்கிட்டிருந்தேன். அது வந்த வழியே போயிடுச்சு. எழுந்து வந்து என் தோளைத் தட்டிக் கொடுத்தாரு. அலிஸ்டருக்குத் தட்டின அதே மாதிரிதான்.

"அழாதம்மா. எல்லாரும் சிரிக்கட்டும்னுதானே பண்ண. இதுல என்ன இருக்கு"ன்னாரு.

இருக்கு மிஸ்டர் சக்டன், திட்டுங்கன்னு சொல்ல வந்தேன். சொல்ல விடல. கிறிஸ்மஸ் கேக்கை வெட்டி, எங்க ஊர் வழக்கப்படி பக்கத்துல ஒரு துண்டு சீஸ் வெச்சு நீட்டினாரு. நான் வாங்கிச் சாப்பிட்டேன். இன்னொரு துண்டு வெச்சாரு, அதையும் சாப்பிட்டேன். பஸ் ஓட்டின காலத்துல நடந்த கூத்தையெல்லாம் சொல்லி என்னை ரெண்டு தடவை சிரிக்கக் கூட வெச்சாரு. என்னைத் தேத்தி அனுப்பறதுலயே அவரோட மத்தியானம் முழுசும் போயிடுச்சு.

கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்தாரு. மெதுவா ஓட்டிட்டுப் போம்மா, ரோடெல்லாம் வழுக்கும்னாரு. காரைக் கிளப்பிட்டுத் திரும்பிப் பாத்தேன். அவரு மழைச்சாரல்ல நின்னு எனக்குக் கை காட்டிக்கிட்டிருந்தாரு. அவருக்குப் பின்னால, செருப்பு வெச்ச இடத்துல, பெஸ் இருந்த அந்தப் பை நான் வெச்ச மாதிரியே இருந்துச்சு.